ஒரு மசோதாவை நாடாளுமன்றத்தில் நுழைவது முதல் அமலுக்கு வரும் நாள் வரை பின்தொடர்வது எப்படி?

"மசோதா நிறைவேறியது" என்று டிவியில் ஓடும் வரியைப் பார்த்துவிட்டு, நாளைக் காலையிலிருந்தே அந்தச் சட்டம் நம்மைப் பிடிக்கும் என்று வாட்ஸ்அப்பில் பரப்புபவர்கள் ஒரு பக்கம். இன்னும் அமலுக்கே வராத பிரிவைக் காட்டி மணிக்கணக்கில் வாதாடுபவர்கள் இன்னொரு பக்கம். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், சட்டக் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்கள், சங்க வேலை பார்ப்பவர்கள், செய்தி எழுதப் பழகுபவர்கள் என்று பலருக்கும் இந்த வேலையைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எல்லோரும் சறுக்குவது ஏறக்குறைய ஒரே இடங்களில்தான்: எடுத்த எடுப்பில் விவாத வீடியோவுக்குப் போய்விடுகிறார்கள், பழைய பிரதியை வைத்துக்கொண்டு படிக்கிறார்கள், குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டதோடு கதை முடிந்தது என்று எழுந்து போய்விடுகிறார்கள்.

இது மத்திய நாடாளுமன்றத்துக்கான வழிகாட்டி. மாநிலச் சட்டமன்ற மசோதாவுக்கு ஆளுநர் என்ற வேறு வாசல் இருக்கிறது, அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

1. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

மூன்று தளங்கள் போதும். முதலாவது நாடாளுமன்றத்தின் சன்சத் தளம்: இரு அவைகளின் மசோதாப் பட்டியல், பிரதிகள், தினசரி அலுவல் பட்டியல், விவாதப் பதிவு, குழு அறிக்கை எல்லாம் அங்கேதான். இரண்டாவது இந்திய அரசிதழின் இ-கெசட் தளம். மூன்றாவது, அமலில் உள்ள மத்தியச் சட்டங்களின் தொகுப்பான இந்தியா கோட். மசோதாக்களை ஆய்வு செய்யும் பிஆர்எஸ் அமைப்பு வெளியிடும் சுருக்கங்கள் நன்றாக இருக்கும், ஆனால் அதை முதலில் படிக்காதீர்கள். மூலத்தை ஒருமுறை பார்த்த பிறகு படித்தால்தான் சுருக்கத்தில் எது விட்டுப்போயிருக்கிறது என்று கண்ணில் படும்.

அடுத்து, மசோதாவின் முழுப் பெயரை ஆண்டோடு சேர்த்து ஆங்கிலத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் நாளிதழ்கள் ஒரே மசோதாவுக்கு ஆளுக்கொரு பெயர் வைப்பதால், தமிழ்ப் பெயரை வைத்துத் தேடினால் தளத்தில் எதுவும் சிக்காது. மசோதாக்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளியாகின்றன. அரசமைப்பின் 348ஆம் கூறுப்படி அதிகாரப்பூர்வ வாசகம் ஆங்கிலத்தில் இருப்பதுதான். தமிழில் வரும் விளக்கங்களைப் புரிந்துகொள்ளத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், ஆனால் ஒரு சொல்லின் மேல் வாதம் நிற்கிறது என்றால் ஆங்கிலப் பிரதியைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

கடைசியாக ஒரு தாள். மேலிருந்து கீழாக மூன்று பத்தி போடுங்கள்: தேதி, நடந்தது, ஆதாரம். ஆதாரம் என்ற பத்தியில் ஒருபோதும் நாளிதழ் பெயர் வரக்கூடாது. அலுவல் பட்டியல், விவாதப் பதிவு, அரசிதழ் இவற்றில் ஒன்றுதான் வர வேண்டும். இந்த ஒரு கட்டுப்பாட்டை வைத்துக்கொண்டாலே பாதித் தவறுகள் தானாக நின்றுவிடும்.

2. யாருக்கு என்ன அதிகாரம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

நாடாளுமன்றம் என்றால் இரண்டு அவைகள் மட்டுமில்லை. அரசமைப்பின் 79ஆம் கூறு குடியரசுத் தலைவரையும் சேர்த்துத்தான் நாடாளுமன்றம் என்கிறது. அதனால்தான் இரு அவைகளும் நிறைவேற்றிய பிறகும் அது மசோதாவாகவே இருக்கிறது.

மக்களவையில் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் 543 இடங்கள், அதில் தமிழ்நாட்டுக்கு 39, புதுச்சேரிக்கு 1. ஆயுள் 5 ஆண்டு, இடையில் கலைக்கப்படலாம். மாநிலங்களவையில் 245 இடங்கள்: 233 பேர் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள், 12 பேர் நியமனம். தமிழ்நாட்டுக்கு 18 இடம். இந்த அவை கலைவதே இல்லை, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவார்கள். மக்களவையை சபாநாயகர் நடத்துகிறார், மாநிலங்களவைக்குத் தலைவர் குடியரசுத் துணைத் தலைவர்.

தமிழ்நாட்டில் 1986இல் மேலவை ஒழிக்கப்பட்டுவிட்டதால் நம் ஊரில் ஒரே அவையைப் பார்த்தே பழகிவிட்டோம். அதனாலோ என்னவோ, மக்களவையில் நிறைவேறியதுமே தாளில் "முடிந்தது" என்று எழுதிவிடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு மசோதா தேங்கி நிற்கும்போது மக்களவை கலைந்தால் என்ன ஆகும் என்பதையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். மக்களவையில் நிலுவையில் இருப்பதும், மக்களவை நிறைவேற்றி மாநிலங்களவையில் காத்திருப்பதும் காலாவதி ஆகிவிடும். மாநிலங்களவையில் அறிமுகமாகி, மக்களவை இன்னும் நிறைவேற்றாமல் மாநிலங்களவையிலேயே இருப்பது உயிரோடு இருக்கும். வெறும் கூட்டத்தொடர் முடிவதால் எதுவும் சாகாது. 2015இல் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமைகள் மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது, தனிநபர் மசோதா (அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவருவது) ஒன்று ஓர் அவையைத் தாண்டியது பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அதுதான் முதல் முறை. ஆனால் மக்களவையைத் தாண்டவில்லை. அதைச் சட்டம் என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். திருநர்களுக்கென்று அமலில் இருப்பது அரசு கொண்டுவந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம், அது வேறு.

3. மசோதாவின் வகையை முதலில் தீர்மானியுங்கள்

வாக்கு எண்ணிக்கை, காலக்கெடு, எந்த அவையில் தொடங்கலாம், குடியரசுத் தலைவர் திருப்பி அனுப்பலாமா கூடாதா என்று பின்னால் வரும் எல்லாமே இதைப் பொறுத்ததுதான். அதனால் வகையைத் தீர்மானிக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

சாதாரண மசோதா என்றால் எந்த அவையிலும் தொடங்கலாம், வந்திருந்து வாக்களிப்பவர்களில் பெரும்பான்மை போதும்.

பண மசோதா மக்களவையில் மட்டும்தான் தொடங்க முடியும். அது பண மசோதாதான் என்று சான்று அளிப்பவர் சபாநாயகர். மாநிலங்களவை 14 நாளுக்குள் பரிந்துரையோடோ பரிந்துரை இல்லாமலோ திருப்ப வேண்டும், அந்தப் பரிந்துரையை ஏற்பதும் தள்ளுவதும் மக்களவையின் விருப்பம். 2016இல் ஆதார் சட்டம் இப்படித்தான் போனது: மாநிலங்களவை ஐந்து திருத்தங்களைப் பரிந்துரைத்தது, மக்களவை அன்றே அவற்றை நிராகரித்தது, அதோடு அது நிறைவேறியதாகிவிட்டது. மாநிலங்களவையில் ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை இல்லாத காலத்தில் இந்த முத்திரை எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள். பிறகு உச்ச நீதிமன்றம் வரை இந்தக் கேள்வி போய், 2018இல் பெரும்பான்மைத் தீர்ப்பு அதை ஏற்றுக்கொண்டது. நீதிபதி சந்திரசூட் மட்டும் மாறுபட்டு எழுதினார். பட்ஜெட்டோடு வரும் நிதி மசோதாவும் பொதுவாகப் பண மசோதாவாகவே வரும். ஆனால் பணம் சம்பந்தப்பட்டது எல்லாம் பண மசோதா ஆகிவிடாது, அரசமைப்பின் 110ஆம் கூறில் சொல்லியிருக்கும் விஷயங்கள் மட்டுமே அதில் இருக்க வேண்டும்.

அரசமைப்புத் திருத்த மசோதா என்றால் ஒவ்வோர் அவையிலும் இரண்டு கணக்கு சேர்ந்து தேற வேண்டும்: மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், வந்திருந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு. சில விஷயங்களுக்குப் பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதலும் வேண்டும்.

இங்கே எண் ஒரு கண்ணி. மசோதாவின் எண்ணும் சட்டத்தின் எண்ணும் ஒன்றல்ல. மகளிர் இடஒதுக்கீட்டுக்காக 2023இல் வந்தது அரசமைப்பு 128ஆவது திருத்த மசோதா, ஆனது 106ஆவது திருத்தச் சட்டம். ஜிஎஸ்டிக்கு வந்தது 122ஆவது மசோதா, ஆனது 101ஆவது திருத்தச் சட்டம். கொண்டுவரப்பட்ட எல்லாம் நிறைவேறுவதில்லை என்பதால் இந்த இடைவெளி. தேர்வில் இந்த ஒரு குழப்பத்தாலேயே மதிப்பெண் போகிறது.

4. சரியான பிரதியைக் கையில் எடுங்கள்

ஒரே மசோதாவுக்கு மூன்று, நான்கு பிரதிகள் சுற்றிக்கொண்டிருக்கும்: அமைச்சகம் கருத்துக் கேட்டு வெளியிட்ட வரைவு, அவையில் அறிமுகமானபடி, இரு அவை உறுப்பினர்களும் சேர்ந்த கூட்டுக்குழு திருத்தி அனுப்பியபடி, ஓர் அவை நிறைவேற்றியபடி. சன்சத் தளத்தில் ஒவ்வொன்றும் தனிக் கோப்பாக இருக்கும். முதல் பக்கத்தின் மேலே எந்த நிலைப் பிரதி என்று எழுதியிருக்கும், அந்த வரியைப் படிக்காமல் பக்கத்தைப் புரட்டாதீர்கள்.

2014ஆம் ஆண்டுக் கொள்கை முடிவுப்படி வரைவை 30 நாளாவது பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று இருக்கிறது. எல்லா மசோதாவுக்கும் இது நடப்பதில்லை என்பது வருத்தம்தான். நடந்த இடத்தில் அந்த வரைவைப் பத்திரப்படுத்துங்கள், அறிமுகமான பிரதியோடு ஒப்பிட்டால் இடையில் எது நுழைந்தது, எது கழன்றது என்று தெரியும்.

பெயரில் உள்ள ஆண்டும் மாறும். வக்ஃப் திருத்த மசோதா 2024 ஆகஸ்ட் 8இல் அறிமுகமானது, கூட்டுக்குழுவுக்குப் போய், 2025 ஏப்ரலில் நிறைவேறி, வக்ஃப் திருத்தச் சட்டம் 2025 ஆனது. 2024 என்று தேடிக்கொண்டே இருந்தால் சட்டம் கிடைக்காது.

5. படிக்கும் வரிசை: முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள்

இந்தப் படிக்கு நேரம் கொடுங்கள், மற்ற எல்லாவற்றையும்விட இதில்தான் விஷயம் இருக்கிறது. எல்லோரும் ஒன்றாம் பக்கத்திலிருந்து நாவல் மாதிரிப் படித்து, வரையறைகள் பகுதியிலேயே சோர்ந்து மூடிவிடுகிறார்கள். வரிசையை மாற்றுங்கள்.

முதலில் பின்பக்கம் போய் "நோக்கங்களும் காரணங்களும்" என்ற அறிக்கையைப் படியுங்கள். அமைச்சர் கையெழுத்தோடு ஓரிரு பக்கம் இருக்கும். அரசு இதை ஏன் கொண்டுவருகிறது என்று அரசே சொல்வது. அதை அப்படியே நம்ப வேண்டாம், சொன்ன நோக்கமும் உள்ளே இருக்கும் கூறுகளும் (மசோதாவின் எண்ணிட்ட பகுதிகள்) பொருந்துகின்றனவா என்று சரிபார்க்கத்தான் அது.

அடுத்து நிதிக் குறிப்பு, இதனால் அரசுக்கு என்ன செலவு என்பது. இதை ஒரு நிமிடம் பார்த்தால் போதும். அதற்குப் பிறகு இருக்கும் அதிகார ஒப்படைப்புக் குறிப்பைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும், அதை ஏறக்குறைய யாருமே திறப்பதில்லை. எந்தெந்த விஷயங்களை நாடாளுமன்றம் தானே முடிவு செய்யாமல், பிறகு விதிகளாகச் செய்துகொள்ளுங்கள் என்று அரசிடம் விட்டிருக்கிறது என்ற பட்டியல் அங்கே இருக்கும். கட்டணம் எவ்வளவு, விண்ணப்பம் எப்படி, விலக்கு யாருக்கு என்று மக்களை நேராகத் தொடும் பல விஷயங்கள் இந்தப் பட்டியலில்தான் போய் உட்கார்ந்திருக்கும். விவாதத்தில் உறுப்பினர்கள் இரண்டு மணி நேரம் பேசியும் ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை என்றால், பதில் இன்னும் எழுதப்படவே இல்லை, விதிக்கு விடப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாவது, கூறு 1. குறும்பெயர், எங்கே பொருந்தும், எப்போது அமலுக்கு வரும் என்று மூன்று விஷயம் இருக்கும். அமலாகும் தேதி பற்றிய வரியை அப்படியே உங்கள் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், 10ஆம் படியில் தேவைப்படும்.

அப்புறம்தான் உடல் பகுதி. அதிலும் தண்டனை, அதிகாரம், மேல்முறையீடு பற்றிய கூறுகளை முதலில் படித்துவிட்டு, அவற்றில் வரும் சொற்களுக்காக வரையறைப் பகுதிக்குத் திரும்புங்கள். தேவைப்பட்டுத் தேடிப் போகும் வரையறைதான் மனதில் நிற்கும்.

திருத்த மசோதா என்றால் ஒரு வேலை கூடுதல். "மூலச் சட்டத்தின் 9ஆம் பிரிவில், இரண்டாம் உட்பிரிவில், 'அல்லது' என்ற சொல்லுக்குப் பதிலாக 'மற்றும்' என்ற சொல் இடப்படும்" என்பது மாதிரி வரிகள்தான் முழுக்க இருக்கும், தனியாகப் படித்தால் ஒன்றும் விளங்காது. மசோதாவின் கடைசியில் இணைப்பாக மூலச் சட்டத்தின் தொடர்புடைய பிரிவுகளைக் கொடுத்திருப்பார்கள். அதை எடுத்து, பேனாவால் பழைய சொல்லை அடித்து, மேலே புதியதை எழுதி, முழுப் பிரிவையும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். 'அல்லது' 'மற்றும்' ஆனதில், முன்பு இரண்டில் ஒன்று இருந்தால் போதும் என்றிருந்தது இப்போது இரண்டும் வேண்டும் என்று ஆகியிருக்கும். பத்துப் பக்கப் பேச்சில் சிக்காத மாற்றம் இப்படிக் கையால் செய்யும்போது சிக்கும்.

6. அவையில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள்

மூன்று வாசிப்பு, அதாவது மூன்று கட்டம். முதல் வாசிப்பு என்பது அறிமுகம் மட்டுமே, பொதுவாக விவாதம் இருக்காது. எதிர்ப்பவர்கள் அறிமுகத்தையே எதிர்த்து வாக்கெடுப்பு கேட்கலாம். இரண்டாம் வாசிப்புதான் உயிர்: முதலில் மசோதாவின் அடிப்படை நோக்கம் பற்றிய பொது விவாதம், அப்போதே அந்த அவையின் தேர்வுக்குழுவுக்கோ கூட்டுக்குழுவுக்கோ அனுப்பக் கேட்கலாம், பிறகு கூறுவாரியாகப் பரிசீலனை, திருத்தங்கள் மேல் வாக்கு. மூன்றாம் வாசிப்பில் "மசோதா நிறைவேற்றப்படலாம்" என்ற தீர்மானம்.

கூறுவாரிப் பரிசீலனையில் கூறு 2இலிருந்து போய், அட்டவணைகள் முடிந்து, கூறு 1ம் பெயரும் கடைசியில்தான் வரும். விவாதப் பதிவைப் படிக்கும் புதியவர்கள் கூறு 1ஐத் தாண்டிவிட்டார்கள் என்று பதறுவார்கள். உடலில் ஏற்படும் மாற்றத்துக்கு ஏற்பப் பெயரும் ஆண்டும் மாற வேண்டியிருக்கலாம், அதற்காகத்தான் அந்த வரிசை.

அறிமுகத்துக்கும் நிறைவேற்றத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் 2024 டிசம்பர் 17 நல்ல பாடம். ஒரே நேரத்தில் தேர்தல் நடத்துவதற்கான அரசமைப்பு 129ஆவது திருத்த மசோதாவின் அறிமுகத்துக்கு ஆதரவு 269, எதிர்ப்பு 198. மூன்றில் இரண்டு பங்கு இல்லை, அதனால் மசோதா தோற்றுவிட்டது என்று பலர் அன்றே எழுதினார்கள். அறிமுகத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும்; சிறப்புப் பெரும்பான்மை தேவைப்படுவது பரிசீலனை, கூறுகள், நிறைவேற்றம் இவற்றின் போதுதான். மசோதா அறிமுகமாகி, கூட்டுக்குழுவுக்குப் போனது.

7. குழுவுக்குப் போனால் எந்தக் குழு என்று கேளுங்கள்

துறைசார் நிலைக்குழுக்கள் 24 இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10 பேர். நிலைக்குழு மசோதாவைப் படித்து அறிக்கை கொடுக்கும், வாசகத்தை அதுவே மாற்றாது. தேர்வுக்குழுவும் கூட்டுக்குழுவும் அப்படியில்லை, அவை திருத்திய மசோதாவையே திருப்பித் தரும். "குழு ஏற்றுக்கொண்டது, ஆகவே மாறிவிட்டது" என்று எழுதும் முன் எந்தக் குழு என்று பார்த்துவிடுங்கள்.

இரண்டின் பரிந்துரையும் அரசைக் கட்டுப்படுத்தாது. அறிக்கையின் பின்னால் இருக்கும் மாறுபட்ட கருத்துக் குறிப்புகளைப் படிக்காமல் விடாதீர்கள். பெரும்பான்மை உறுப்பினர்களின் பரிந்துரையைவிட, பின்னாளில் நீதிமன்றத்தில் எழப்போகும் வாதங்கள் அந்தக் குறிப்புகளில் முன்கூட்டியே தெளிவாகக் கிடைக்கும்.

குழுவுக்குப் பிறகு மசோதாவையே திரும்பப் பெற்றுப் புதிதாகக் கொண்டுவருவதும் நடக்கும். இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா 2023 ஆகஸ்ட் 11இல் அறிமுகமாகி, உள்துறை நிலைக்குழுவுக்குப் போய், டிசம்பர் 12இல் திரும்பப் பெறப்பட்டது. அதே நாளில் "இரண்டாவது" என்ற சொல் பெயரில் சேர்ந்து புது மசோதா வந்தது. ஆகஸ்ட் பிரதியை வைத்துக்கொண்டு பிரிவு எண்களை மனப்பாடம் செய்தவர்களின் உழைப்பு வீணாகப் போனது.

8. வாக்கெடுப்பைப் பதிவு செய்யுங்கள்

பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில்தான் போகின்றன. "ஆம்" என்போர், "இல்லை" என்போர், எது ஓங்கி ஒலித்தது என்று அவைத் தலைமை சொல்லிவிடும். அதில் யார் எப்படி வாக்களித்தார் என்ற பதிவு கிடையாது. எனவே "எங்கள் தொகுதி எம்பி இதை ஆதரித்து ஓட்டுப் போட்டார்" என்று குரல் வாக்கெடுப்பை வைத்துச் சொல்ல முடியாது, அவர் பேசியிருந்தால் பேச்சை மட்டும் காட்டலாம்.

முடிவை ஏற்காமல் டிவிஷன், அதாவது எண்ணி நடத்தும் வாக்கெடுப்பு கேட்டால் மணி அடிக்கும், மக்களவையில் அது மூன்றரை நிமிடம். பிறகு கதவடைத்து வாக்கு எண்ணப்படும். அதில்தான் பெயர்வாரிப் பதிவு வரும். அதையும் கொறடா உத்தரவோடு சேர்த்துப் பாருங்கள். 1985இல் அரசமைப்பில் வந்த, கட்சித் தாவலைத் தடுக்கும் பத்தாவது அட்டவணைப்படி கட்சி உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகலாம் என்பதால், ஒரு உறுப்பினரின் வாக்கு அவருடைய சொந்தக் கருத்தைக் காட்டுகிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

தேதியில் ஒரு சின்னச் சிக்கல். வக்ஃப் திருத்த மசோதா மேல் மக்களவை அமர்வு 2025 ஏப்ரல் 2இல் தொடங்கி நள்ளிரவைத் தாண்டி ஓடியது, வாக்கெடுப்பில் ஆதரவு 288, எதிர்ப்பு 232. கடிகாரப்படி அது ஏப்ரல் 3. விவாதப் பதிவைத் தேடும்போது அமர்வு தொடங்கிய தேதியில் தேடுங்கள், தாளில் இரண்டையும் குறியுங்கள்.

9. மற்ற அவையும் குடியரசுத் தலைவரும்

இரண்டாவது அவையில் இதே மூன்று கட்டங்கள் திரும்ப நடக்கும். அங்கே ஒரு சொல் மாறினாலும் மசோதா முதல் அவைக்குத் திரும்பி வர வேண்டும், இரண்டும் ஒரே வாசகத்தை ஏற்றால்தான் அது நிறைவேறியதாகும். ஒத்துப்போகவில்லை அல்லது ஆறு மாதத்துக்கு மேல் கிடப்பில் கிடக்கிறது என்றால் சாதாரண மசோதாவுக்குக் கூட்டு அமர்வு கூட்டலாம். இதுவரை மூன்று சட்டங்கள்தான் அப்படி வந்தன: 1961இல் வரதட்சணைத் தடுப்பு, 1978இல் வங்கிப் பணியாளர் தேர்வாணைய ஒழிப்பு, 2002இல் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடா. பண மசோதாவுக்கும் அரசமைப்புத் திருத்தத்துக்கும் இந்த வழி கிடையாது.

குடியரசுத் தலைவர் ஒப்புதல் தரலாம், மறுக்கலாம், பண மசோதா அல்லாததை மறுபரிசீலனைக்குத் திருப்பலாம். திருப்பியதை அவைகள் மீண்டும் நிறைவேற்றினால் மறுக்க முடியாது. 2006இல் ஆதாயப் பதவி மசோதாவை அப்துல் கலாம் திருப்பியபோது அதுதான் நடந்தது. ஆனால் எத்தனை நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று அரசமைப்பின் 111ஆம் கூறு கெடு எதுவும் வைக்கவில்லை. 1986இல் நிறைவேறிய அஞ்சல் அலுவலகத் திருத்த மசோதாவில் அன்றைய குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் கையெழுத்தும் போடவில்லை, திருப்பவும் இல்லை, அது அப்படியே நின்றுவிட்டது. அரசமைப்புத் திருத்தம் என்றால் மட்டும் ஒப்புதல் தந்தே ஆக வேண்டும், 1971இன் 24ஆவது திருத்தம் அப்படி ஆக்கிவிட்டது.

ஒப்புதல் கிடைத்ததும் அரசிதழின் இரண்டாம் பகுதி, முதல் பிரிவில் சட்டம் வெளியாகும், அங்கேதான் சட்ட எண் கிடைக்கும். பாரதிய நியாய சன்ஹிதா 2023ஆம் ஆண்டின் 45ஆம் எண் சட்டம். இனி மேற்கோள் காட்டுவது இந்தப் பிரதியை மட்டும்தான். மசோதாவில் கூறு என்று படித்ததெல்லாம் இப்போது பிரிவு, எண்ணும் மாறியிருக்கலாம் என்பதால் பழைய குறிப்புகளைப் புதுப் பிரதியோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.

10. அமலுக்கு வரும் தேதியைத் தனியாகத் தேடுங்கள்

உங்கள் தாளில் எழுதிய கூறு 1 வரியை இப்போது எடுங்கள். தேதி குறிப்பிட்டிருந்தால் அதுதான் நாள். ஒன்றுமே சொல்லவில்லை என்றால் ஒப்புதல் கிடைத்த நாளிலிருந்து அமல். பின்தேதியும் இருக்கலாம்: 2020 செப்டம்பரில் நிறைவேறிய வேளாண் சட்டங்கள், அவற்றுக்கு முன், நாடாளுமன்றம் கூடாதிருந்தபோது வந்த அவசரச் சட்டங்களின் தேதியான ஜூன் 5இலிருந்தே அமலுக்கு வந்ததாகக் கருதப்பட்டன. அவசரச் சட்டத்தின் இடத்தில் வரும் எந்த மசோதாவிலும் இதைப் பாருங்கள். அவசரச் சட்டம் நாடாளுமன்றம் மீண்டும் கூடிய ஆறு வாரத்தில் செத்துவிடும் என்பதால் இடைவெளி விழாமல் தைக்க வேண்டியிருக்கிறது.

மிக அதிகமாகக் காண்பது, "மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கை மூலம் குறிக்கும் தேதியில்" என்ற வாசகம். "வெவ்வேறு பிரிவுகளுக்கு வெவ்வேறு தேதி குறிக்கலாம்" என்ற வால் கூடவே பல சட்டங்களில் இருக்கும். இப்படி இருந்தால் இ-கெசட் தளத்தில் இரண்டாம் பகுதி, மூன்றாம் பிரிவில் அந்த அமைச்சகத்தின் அறிவிக்கைகளைத் தேடியே ஆக வேண்டும்.

தேடினால் என்ன கிடைக்கும் என்பதற்கு பாரதிய நியாய சன்ஹிதாவே சாட்சி. ஒப்புதல் 2023 டிசம்பர் 25. வண்டி ஓட்டி மரணம் ஏற்படுத்திவிட்டுத் தகவல் சொல்லாமல் தப்பினால் பத்தாண்டு வரை சிறை என்ற 106ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவை எதிர்த்து 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிப்ரவரியில் வந்த அறிவிக்கை, சட்டம் ஜூலை 1 முதல் அமல் என்றது, அந்த ஓர் உட்பிரிவைத் தவிர. அச்சடித்த சட்டப் புத்தகத்தில் உட்பிரிவு அப்படியே இருக்கிறது. புத்தகத்தை மட்டும் பார்த்தவருக்கு அது அந்த அறிவிக்கையில் சேரவில்லை என்று தெரிய வாய்ப்பே இல்லை, அறிவிக்கையைப் படித்தவருக்குத்தான் தெரியும். ஓட்டுநர் ஒருவருக்கு இது வெறும் தகவல் இல்லை, வாழ்க்கை.

ஊதியச் சட்டத்தொகுப்புக்கு ஒப்புதல் 2019 ஆகஸ்டில், மற்ற மூன்று தொழிலாளர் தொகுப்புகளுக்கு 2020 செப்டம்பரில். நான்கும் அமலுக்கு வந்தது 2025 நவம்பர் 21. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய சட்டங்கள்தான் செல்லுபடி. அந்தக் காலத்தில் எழுந்த வழக்குக்கு எந்தச் சட்டம் என்று கேட்டால், இந்தத் தேதி தெரியாமல் பதில் சொல்லவே முடியாது.

11. விதிகள் வந்தனவா என்று பாருங்கள்

சட்டம் அமலில் இருக்கும், ஆனால் அதைப் பயன்படுத்த வழி இருக்காது. குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு ஒப்புதல் 2019 டிசம்பர் 12, அமலான நாள் 2020 ஜனவரி 10, விதிகள் அறிவிக்கப்பட்டது 2024 மார்ச் 11. நான்கு ஆண்டுக்கு மேல் விண்ணப்பப் படிவமே கிடையாது.

5ஆம் படியில் பார்த்த அதிகார ஒப்படைப்புக் குறிப்பை மறுபடி எடுத்து, அதில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் நேராக, விதி வந்ததா, எந்த அரசிதழ் எண், எந்தத் தேதி என்று நிரப்பிக்கொண்டே வாருங்கள். விதிகளும் இரண்டாம் பகுதி மூன்றாம் பிரிவில்தான் வரும். வரைவு விதியும் இறுதி விதியும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால், தலைப்பில் வரைவு என்ற சொல் இருக்கிறதா என்று கவனியுங்கள். வரைவு என்றால் ஆட்சேபம் தெரிவிக்கக் கடைசி நாள் எது என்பது அதிலேயே இருக்கும், அதற்குள் எழுதி அனுப்ப உங்களுக்கும் உரிமை உண்டு.

வெளியான விதிகளை இரு அவைகளின் மேஜையிலும் வைக்க வேண்டும், வழக்கமாக 30 நாள், அதற்குள் அவைகள் மாற்றவோ ரத்து செய்யவோ முடியும். அன்றைய அலுவல் பட்டியலில் "மேஜையில் வைக்கப்படும் ஆவணங்கள்" என்ற தலைப்பின் கீழ் இது ஒரு வரியாக வந்து போகும். உங்கள் தாளில் அந்தத் தேதியையும் குறித்துவிட்டு, ஒருங்கிணைந்த சட்ட வாசகத்துக்காக இந்தியா கோட் தளத்தைத் திறங்கள். அண்மைத் திருத்தங்கள் அங்கே ஏறச் சில சமயம் தாமதமாகும் என்பதால், அடிக்குறிப்பில் கடைசியாகச் சேர்க்கப்பட்ட திருத்தச் சட்டத்தின் எண் எது என்று பார்த்து, அதற்குப் பின் வந்தது ஏதாவது இருந்தால் அரசிதழிலிருந்து நீங்களே எடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.